"அடுத்த வாரம் வேலை இருக்குமா?": பதில் தெரியாத மேலாளருக்குத் தியானம் உதவுமா?

கேள்வி:

எனக்கு 46 வயது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் உற்பத்தி மேலாளராக இருக்கிறேன். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து 180 பேர் என் பொறுப்பில் வேலை செய்கிறார்கள். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா விதித்த வரி 50 சதவீதமாக உயர்ந்ததிலிருந்து எங்களுக்கு நிலையான வாரம் என்று ஒன்று இல்லை. சரக்கு வாங்கும் பையர் ஒரு நாள் ஆர்டரை நிறுத்தச் சொல்கிறார், மறுநாள் பாதியை மட்டும் அனுப்பச் சொல்கிறார். வரி பற்றிய செய்திகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. "யாரிடமும் எதையும் சொல்லாதீர்கள்" என்கிறார் முதலாளி. டைலர்கள் என்னிடம், "அக்கா, அடுத்த வாரம் வேலை இருக்குமா?" என்று கேட்கிறார்கள். "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

போன் அடித்தாலே வயிறு இறுகுகிறது. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கம் இல்லை. போன வாரம், பல வருடங்களாக என்னுடன் இருக்கும் கட்டிங் மாஸ்டரை எல்லோர் முன்னிலையிலும் கத்திவிட்டேன். அன்று முழுவதும் சாப்பிட முடியவில்லை. தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்குப் பௌத்தத் தியானம் உதவும் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். தோழி ஒருத்தி பத்து நாள் விபாசனா தியான வகுப்புக்குப் போகச் சொல்கிறாள். நான் முருக பக்தை. இது மதம் மாறுவது போல் ஆகிவிடாதா? பத்து நாள் விடுப்புக்கும் வழியில்லை. இன்னொரு பயமும் இருக்கிறது. தியானம் செய்து செய்து எதற்கும் அசையாதவளாகி, அந்த 180 பேரின் கஷ்டம் எனக்கு உறைக்காமலே போய்விடுமோ?

– வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசிப் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். இப்போது நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒருவர் வந்து வேலை இருக்குமா என்று கேட்கிறார். உங்கள் வயிறு இறுகுகிறது. அந்த இறுக்கம் தாங்காமல் "எல்லாம் சரியாகிவிடும்" என்கிறீர்கள். அவர் நகர்ந்துவிடுகிறார், வயிறும் சற்றுத் தளர்கிறது. இன்னொரு நாள் அதே இறுக்கம் வருகிறது. இந்த முறை அது கட்டிங் மாஸ்டர் மீது பாய்கிறது. ஆறுதல் சொன்னதை நல்லதென்றும் கத்தியதைக் கெட்டதென்றும் நீங்கள் பிரித்து வைத்திருக்கிறீர்கள். எனக்கோ இரண்டும் ஒரே வேலையைச் செய்ததாகத்தான் தெரிகிறது. உடலில் எழுந்த ஒரு துன்ப உணர்வை அந்தக் கணத்திலேயே தள்ளிவிட நீங்கள் கண்டுபிடித்த இரண்டு வழிகள் அவை. எதிரே நின்றவரின் கஷ்டம் அந்த இரண்டு நேரமும் உங்களுக்கு முழுதாகக் காதில் விழவில்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. மூன்று மணிக்கு விழித்து, எட்டு மணிக்கு யூனிட்டுக்குள் நுழைந்து, 180 பேரின் முகத்தைப் பார்க்க வேண்டிய யாருக்கும் இதுதான் நடக்கும். பௌத்தத்தின் உடல், மனக் கவனப் பயிற்சி வேலை செய்வதும் சரியாக இந்த இடத்தில்தான். அதனால்தான் உங்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

தமிழில் இதற்குப் பழைய விளக்கம் ஒன்று உண்டு. மணிமேகலையில் பௌத்தத் துறவி அறவண அடிகள், துன்பம் ஒன்றிலிருந்து ஒன்றாக எப்படிப் பிறக்கிறது என்று உரைக்கும் பன்னிரண்டு சார்புகளில் ஊறு, நுகர்வு, வேட்கை ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. புலனும் பொருளும் ஒன்றையொன்று தொடுவது ஊறு. அதிலிருந்து பிறக்கும் இன்பமோ, துன்பமோ, இரண்டும் அல்லாத நிலையோ நுகர்வு. அதைப் பிடித்துக்கொள்ளவும் விரட்டவும் எழும் உந்துதல் வேட்கை. உங்கள் போன் அடிப்பது முதலாவது. வயிற்றில் தோன்றும் பிடிக்காத இறுக்கம் இரண்டாவது. எதையாவது சொல்லி, யாரையாவது திட்டி, அந்த இறுக்கத்தை ஒழிக்கப் பார்ப்பது மூன்றாவது. முதல் இரண்டையும் நீங்கள் தடுக்க முடியாது; தடுக்கவும் வேண்டாம். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில்தான் மனிதருக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. பயிற்சி இல்லாதபோது அந்த இடம் கண்ணுக்கே தெரியாது. பயிற்சி செய்தால் இரண்டு மூன்று மூச்சு விடும் அளவுக்கு அது விரியும். பொறுப்பில் இருக்கும் ஒருவருக்கு அந்த இரண்டு மூச்சு பெரிய சொத்து.

ஏன் உடலில் தொடங்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். எண்ணங்களைக் கவனிக்கப் போனால் அவை நம்மை இழுத்துக்கொண்டு ஓடிவிடும். பையர் என்ன சொல்வார், வங்கிக் கடன் என்ன ஆகும் என்று கிளம்பினால் ஒரு நிமிடத்தில் எங்கோ இருப்போம். உடல் அப்படி ஓடாது. குரு நாட்டில் கம்மாசதம்மம் என்ற ஊரில் புத்தர் சொன்னதாகப் பாலி நூல்கள் கூறும் சதிபட்டான உரையில், கவனத்தை நிறுத்த வேண்டிய நான்கு இடங்களில் உடலே முதலில் வருகிறது. அந்தப் பகுதி மிக எளிமையானது. மூச்சு நீளமாக வந்தால் நீளம் என்று அறிவது, குறுகினால் குறுகியது என்று அறிவது. நடக்கும்போது நடக்கிறேன் என்றும் நிற்கும்போது நிற்கிறேன் என்றும் தெரிந்திருப்பது. கையை நீட்டும்போதும் மடக்கும்போதும், உண்ணும்போதும், பேசும்போதும், பேசாமல் இருக்கும்போதும் தெளிவோடு இருப்பது. குகையோ காடோ கட்டாயமில்லை.

இந்த வழி துறவிகளின் மடங்களைத் தாண்டி அலுவலகத்துக்கு வந்த கதை உங்களுக்கு அவசியம் தெரிய வேண்டும். 1885இல் ஆங்கிலேயர் பர்மாவின் தலைநகர் மண்டலேயைப் பிடித்துத் தீபா மன்னரை இரத்தினகிரிக்கு நாடு கடத்தினார்கள். அரசர் போனபின் சமயத்தைக் காப்பது யார் என்ற கேள்வி பர்மாவில் எழுந்தது. அந்தக் கலங்கிய காலத்தில்தான் லெடி சயாடோ என்ற துறவி, தத்துவமும் தியானமும் சாதாரண இல்லறத்தாருக்கும் உரியவை என்று ஊர் ஊராகக் கற்பித்தார். அந்த வழியில் பயின்ற இல்லறத்தார் ஒருவரிடம் 1937இல் கற்றுக்கொண்டவர் ஊ பா கின்.

ஊ பா கின் கணக்குத் துறையில் எழுத்தராகச் சேர்ந்து மேலே வந்தவர். 1948 ஜனவரியில் பர்மா சுதந்திரம் அடைந்தபோது அதன் முதல் தலைமைக் கணக்காயர் ஆனார். அந்த நாட்களை எண்ணிப் பாருங்கள். போர் நாட்டைச் சிதைத்திருந்தது. விடுதலைக்கு முந்தைய ஆண்டில்தான் விடுதலை இயக்கத் தலைவர் ஆங் சானும் அவருடைய சகாக்களும் கொல்லப்பட்டிருந்தார்கள். சுதந்திரம் கிடைத்த சில மாதங்களிலேயே உள்நாட்டுப் போர் வெடித்தது. நாளைக்கு எந்த மாவட்டம் அரசின் கையில் இருக்கும் என்று தெரியாத நாட்டின் கணக்கைப் பார்க்க வேண்டிய பொறுப்பு அவருடையது. அவர் தன் அலுவலகத்திலேயே ஒரு சிறிய அறையை ஒதுக்கி, விரும்பிய ஊழியர்களுக்குத் தியானம் கற்பித்தார். 1950இல் அந்த அலுவலகத்துக்கென்றே ஒரு விபாசனா சங்கம் உருவானது. 1952இல் ரங்கூனில் தனி மையம் தொடங்கினார். பிறகு பிரதமர் ஊ நூ அவரிடம் வேளாண் பொருள் விற்பனை வாரியத்தின் தலைமையையும் கொடுத்தார். 1967இல் ஓய்வு பெறும்வரை அரசுப் பணியையும் தியானம் கற்பிப்பதையும் சேர்த்தே நடத்தினார். அவருடைய பெயர் நிலைத்ததற்குக் காரணம் அவருடைய அமைதி மட்டும் அல்ல. கணக்கில் பொய்க்கு இடம் கொடுக்காதவர் என்ற பெயரும் அவருக்கு இருந்தது.

உங்கள் தோழி சொல்லும் பத்து நாள் வகுப்பும் அவரிடமிருந்து வந்ததுதான். பர்மாவில் பிறந்த வணிகரான கோயங்கா, தீராத ஒற்றைத் தலைவலியோடு 1955இல் அவரிடம் போனார். தலைவலியைத் தீர்த்துக்கொள்ள மட்டும் வருவதானால் வர வேண்டாம் என்று ஊ பா கின் முதலில் மறுத்துவிட்டார். 1962இல் இராணுவ ஆட்சி வந்தபின் தொழில்கள் அரசுடைமையாக்கப்பட்டன, கோயங்காவின் தொழில்களும் கைவிட்டுப் போயின. 1969இல் அவர் இந்தியா வந்து வகுப்புகளைத் தொடங்கினார். ஆக, இதைக் கற்றவர்களும் கற்பித்தவர்களும் வருமானம் உறுதியாக இருந்த காலத்தில் மட்டும் வாழ்ந்தவர்கள் அல்லர்.

தலைமைப் பொறுப்பு பற்றிய உங்கள் பயிற்சி வகுப்பில் சொன்னதோடு நான் வேறுபடும் இடம் ஒன்று உண்டு. நிறுவனங்களுக்காகச் சுருக்கி எடுத்த பயிற்சிகளில் பெரும்பாலும் மூச்சு இருக்கும், ஒழுக்கம் இருக்காது. மூல வழியில் அப்படியல்ல. பத்து நாள் வகுப்பிலும் முதல் நாளே பொய் சொல்லாமை உள்ளிட்ட ஐந்து ஒழுக்கங்களை ஏற்ற பிறகுதான் மூச்சைக் கவனிக்கவே சொல்லித் தருகிறார்கள். இதற்கு நடைமுறைக் காரணம் இருக்கிறது. பகலில் பொய் சொல்லிவிட்டு இரவில் அமைதியாக அமர்ந்தால் மனம் அந்தப் பொய்யைத்தான் சுற்றும். உங்கள் மூன்று மணி விழிப்பில் வரும் எண்ணங்களைக் கவனியுங்கள். வரிச் செய்திகளைவிட, "சரியாகிவிடும்" என்று நீங்கள் சொன்ன முகங்கள்தான் அதிகம் வருகின்றனவா என்று பாருங்கள். என் அனுபவத்தில், மேலாளர்களின் தூக்கத்தைக் கெடுப்பதில் சந்தை நிலவரத்துக்கு நிகரான பங்கு இதற்கும் உண்டு.

முருக பக்தை என்றீர்கள். வழிபாட்டை விட வேண்டியதே இல்லை. மூச்சைக் கவனிப்பதற்கும் பாதத்தை உணர்வதற்கும் எந்தச் சாமியும் குறுக்கே நிற்காது. 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்–சின் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியும் பௌத்த வேரிலிருந்து எடுத்ததே. அது இன்று பல மதத்தவருக்கும் மருத்துவமனைகளில் கற்பிக்கப்படுகிறது. பதற்ற நோய் உள்ள 276 பேரிடம் அதை எஸ்சிடலோபிராம் என்ற மாத்திரையோடு ஒப்பிட்டு 2022இல் வெளியான ஆய்வில், எட்டு வார முடிவில் பயிற்சி மாத்திரைக்குக் குறைந்ததாக இல்லை. இதைப் படித்துவிட்டு மாத்திரை எடுப்பவர் யாரும் தானாக நிறுத்திவிடக் கூடாது.

இனிச் செய்முறைக்கு வருகிறேன். காலையில் குளித்ததும் பதினைந்து நிமிடம் நாற்காலியில் அமருங்கள். பலரும் மூக்கின் நுனியிலோ வயிற்றிலோ மூச்சைக் கவனிக்கச் சொல்வார்கள். உங்களுக்கு நான் அங்கே தொடங்கச் சொல்லமாட்டேன். பதற்றம் வயிற்றில் தங்குகிறவர்கள் எடுத்த எடுப்பில் வயிற்றைக் கவனித்தால் பதற்றம் கூடுவதை அடிக்கடி பார்க்கிறேன். உள்ளங்காலில் தொடங்குங்கள். தரையின் குளிர்ச்சி, கடினம், குதிகாலில் விழும் எடை ஆகியவற்றை உணருங்கள். பிறகு மடியில் கிடக்கும் உள்ளங்கைகள். கவனம் ஓடும், ஆர்டருக்குப் போகும். ஓடியது தெரிந்ததும் பாதத்துக்குத் திரும்புங்கள். ஓடியதைத் தோல்வியாக எண்ணிவிடாதீர்கள். அந்தத் திரும்புதல்தான் பயிற்சி. ஒரு வாரம் கழித்து, பாதத்தில் ஊன்றியபடியே வயிற்றைக் கொஞ்ச நேரம் எட்டிப் பார்க்கலாம்.

பகலில் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். அலுவலக அறையிலிருந்து கட்டிங் மேசைக்கு, அங்கிருந்து ஓவர்லாக், பேட்லாக் வரிசைக்கு, பிறகு பேக்கிங்குக்கு என்று எத்தனையோ முறை நடக்கிறீர்கள். அந்த நடைகளில் ஒன்றிரண்டில் கையில் போன் இல்லாமல், பாதம் தரையைத் தொடுவதை உணர்ந்து நடங்கள். மெதுவாக நடந்து வித்தியாசமாகத் தெரிய வேண்டியதில்லை. தொழிலாளர்கள் மேலாளரின் நடையைத்தான் முதலில் படிப்பார்கள். நீங்கள் வரிசைக்குள் நுழையும் வேகத்திலேயே அன்றைய செய்தி என்ன என்று யூகித்துவிடுவார்கள்.

கடினமான நேரம் போன் அடிக்கும்போதும் யாராவது கேள்வி கேட்கும்போதும் வரும். அப்போது உள்ளுக்குள் இவ்வளவுதான்: "வயிற்றில் இறுக்கம். பிடிக்கவில்லை." பாதத்தை உணருங்கள். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. பிறகு பேசுங்கள். இதில் எல்லோரும் வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. இறுக்கத்தைக் கவனிக்கிறேன் என்று தொடங்கி, அதைத் தளர்த்தப் பார்ப்பார்கள். அது தளரவில்லை என்றால் எரிச்சல் வரும். அந்த முயற்சியும் வேட்கைதான், வேறு உருவத்தில் வருகிறது. இறுக்கம் இருக்கட்டும். இறுக்கத்தோடேயே உண்மையான ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியும் என்பதை உங்கள் உடல் கற்றுக்கொள்ள வேண்டும். முதல் சில வாரங்களில் உங்களுக்கு அமைதி கூடாமல், தவிப்பு முன்னைவிடத் தெளிவாகத் தெரியலாம். அதைப் பார்த்துப் பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள்.

இரவு விழித்தால் மணி பார்க்காதீர்கள், போனைத் தொடாதீர்கள். குதிகால், முதுகு, பின்தலை என்று படுக்கை உடலைத் தாங்கும் இடங்களை ஒவ்வொன்றாக உணருங்கள். தூக்கத்தை வரவழைக்க இதைச் செய்யாதீர்கள். படுத்திருக்கும் உடலை அறிவதற்காக மட்டும் செய்யுங்கள். மறக்கக் கூடாத வேலை ஒன்று நினைவுக்கு வந்தால் பக்கத்தில் ஒரு தாளில் எழுதிவிட்டுத் திரும்புங்கள்.

தன்னைக் கவனிப்பது தன்னலம் ஆகாதா என்ற சங்கடம் உங்களுக்குள் இருப்பதாகத் தோன்றுகிறது. சேதகம் என்ற ஊரில் புத்தர் சொன்ன கழைக்கூத்தாடிக் கதை இதற்குப் பொருந்தும். மூங்கில் கழையை நிறுத்தி, சீடனைத் தன் தோள்மேல் ஏறி நிற்கச் சொல்கிறான் ஆசான். "நீ என்னைக் கவனி, நான் உன்னைக் கவனிக்கிறேன், இருவரும் பத்திரமாக இறங்கிக் காசு வாங்கலாம்" என்கிறான். சீடன் மறுக்கிறான்: "அது சரிவராது ஆசானே. நீங்கள் உங்களைக் கவனியுங்கள், நான் என்னைக் கவனிக்கிறேன்." சீடன் சொன்னதே சரியான முறை என்கிறார் புத்தர். தோள்மேல் நிற்கிறவனுக்காகப் பதறுகிற ஆசானின் கால்தான் முதலில் தடுமாறும். ஆனால் அந்த உரை அத்துடன் நிற்கவில்லை. தன்னைக் காப்பவன் பிறரைக் காக்கிறான் என்பதோடு, பொறுமையாலும் தீங்கு செய்யாமையாலும் அன்பாலும் இரக்கத்தாலும் பிறரைக் காப்பவன் தன்னையும் காக்கிறான் என்றும் சேர்த்துச் சொல்கிறது. எதற்கும் அசையாத மேலாளரை உருவாக்குவது இந்தப் பயிற்சியின் நோக்கமாக இருந்திருந்தால் இரண்டாவது பாதி அங்கே வந்திருக்காது.

அப்படியானால் அவர்களிடம் என்ன சொல்வது? அபயன் என்ற இளவரசனுக்குப் புத்தர் கொடுத்த அளவுகோலை நான் பல மேலாளர்களுக்குச் சொல்கிறேன். உண்மையில்லாததை, கேட்பவருக்கு எவ்வளவு இனித்தாலும், சொல்வதில்லை. உண்மையும் பயனும் உள்ளதை, அது கசந்தாலும், தக்க நேரம் அறிந்து சொல்வது. "எல்லாம் சரியாகிவிடும்" என்பது இனிக்கிறது, ஆனால் உண்மையா என்று உங்களுக்கே தெரியாது. வாரம் ஒரு நாள் டீ நேரத்தில் எல்லோர் நடுவிலும் நின்று ஐந்து நிமிடம் பேசுங்கள். "இந்த வாரச் சம்பளம் சனிக்கிழமை வந்துவிடும். கையில் உள்ள ஆர்டர் இம்மாதம் 18ஆம் தேதி வரை ஓடும். அதற்குப் பிறகு என்ன என்று எனக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் எதிர்பார்க்கிறோம். வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த சனிக்கிழமை இதே இடத்தில் சொல்கிறேன்." தேதிகள் உங்கள் கணக்குப்படி மாறும், அமைப்பு இதுதான். சொன்ன சனிக்கிழமை நிற்க மறக்காதீர்கள்.

"எனக்கும் தெரியாது" என்று சொல்லும்போது உங்கள் வயிறு இறுகும். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் காலையில் பதினைந்து நிமிடம் உட்காரச் சொல்கிறேன். அதைக் கேட்ட தொழிலாளர்கள் கலங்குவார்கள்தான். ஆனால் அவர்கள் கையில் ஒரு தேதி இருக்கும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் ஊருக்கு டிக்கெட் எடுக்கலாமா என்று முடிவு செய்வார்கள். சீட்டுப் பணம் கட்டுகிறவர், பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டியவர், வேறு யூனிட்டில் இரண்டு நாள் வேலை கேட்கிறவர், எல்லோருக்கும் அந்தத் தேதி தேவை. பொய்யான ஆறுதல் அவர்களிடமிருந்து அந்த அவகாசத்தைப் பறித்துவிடுகிறது.

முதலாளியிடம் அனுமதி கேட்கும்போது "உண்மையைச் சொல்லலாமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், பயத்தில் இருப்பவர் அதற்கு வேண்டாம் என்றுதான் சொல்வார். பையரின் பெயர், விலை, வங்கி விவரம் எதையும் சொல்லமாட்டேன் என்று முதலில் உறுதி கொடுங்கள். பிறகு சம்பளத் தேதி, வேலை ஓடும் நாள் என்ற இரண்டுக்கு மட்டும் அனுமதி கேளுங்கள். எது நடக்கிறது என்று தெரிந்தால் ஆட்கள் சொல்லாமல் நின்றுவிடுவது குறையும் என்று அவருடைய மொழியிலேயே விளக்குங்கள். அவர் அப்போதும் மறுத்தால், "அதைப் பற்றிப் பேச எனக்கு அனுமதி இல்லை" என்று தொழிலாளர்களிடம் சொல்லுங்கள். அதுவும் உண்மைதான். கட்டிங் மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். எல்லோர் முன்னிலையிலும் கத்தினீர்கள் என்றால் எல்லோர் முன்னிலையிலும்தான் கேட்க வேண்டும், இந்த வாரமே.

பத்து நாள் வகுப்பை அவசரப்படுத்த வேண்டாம். சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் தம்ம சேது என்ற மையம் இருக்கிறது. அங்கே கட்டணம் கிடையாது, முன்பு பயின்றவர்களின் நன்கொடையில் நடக்கிறது. ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, நாளெல்லாம் அமர்ந்து, பேச்சும் போனும் இல்லாமல் இருக்க வேண்டும். தூக்கம் கெட்டு, உடல் களைத்திருக்கும் இந்த நிலையில் அது உங்களுக்குப் பாரமாகலாம். கடும் மனச்சோர்வோ மனநோயோ முன்பு இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகவே கூடாது. சில மாதங்கள் வீட்டில் பழகிய பிறகு, ஆர்டர் குறைவாக உள்ள ஒரு நேரத்தில் யோசியுங்கள்.

கடைசியாக, மருத்துவம் சார்ந்த ஒன்று. 46 வயதில் நள்ளிரவு விழிப்பும் படபடப்பும் எரிச்சலும் மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஹார்மோன் மாற்றத்தாலும் வரும், தைராய்டாலும் வரும், இரத்தசோகையாலும் கூடும். எல்லாவற்றையும் அமெரிக்க வரியின் கணக்கில் எழுதிவிடாமல் ஒரு மகளிர் மருத்துவரைப் பார்த்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தியானம் தைராய்டைச் சரிசெய்யாது. எந்த நாளிலாவது வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் காத்திருக்காமல் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416ஐ அழையுங்கள். இரவு மூன்று மணிக்கும் அங்கே தமிழில் பேசுவார்கள்.